அரைப்பேரும் முழுப்பேரும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் அதிகம் கவனியாத ஒரு பொருள் உண்டு. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டு, மலைக்குச் சென்று, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்த தொழிலாளிக்குச் செக்றோலில் ‘ஒரு பேர்’ விழும். அதாவது, அன்றைய நாளுக்குரிய முழுச் சம்பளமும் அவள் கணக்கிற் பதியப்படும். நிறை குறைந்தால் விழுவது ‘அரைப்பேர்’. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் தெமோதரையிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் இச்சொற்கள் வெறும் கணக்குச் சொற்கள் அல்ல. மனிதரை அளக்கும் முறையொன்றை அவை தம்முள் அடக்கி நிற்கின்றன. உழைத்தவர் ஒருவர்; அவர் பெயரோ பாதி. ஒரு மனிதரின் நாளைப் பாதியாக எழுதலாமெனில், ஒரு மனிதரின் வாழ்வையும் அவ்வாறு பாதியாக எழுதலாமோ என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினா தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. உச்சியை நோக்கி அமைக்கப்பட்ட ஏணி எதுவாயினும், அதில் ஏறத் தொடங்குவோர் பலராகவும் எட்டுவோர் சிலராகவும் இருப்பர். எட்டியவரை உலகம் முழுப்பேராக எழுதிக்கொள்கிறது. எட்டாதவரை ஒன்றில் மறந்துவிடுகிறது. அல்லது ‘பாவம், முயன்றார்’ என்று அரைப்பேராக எழுதுகிறது. இம்மதிப்பீடு நீதியானதா என்பதை ஆராய்வதற்கு, தேயிலை மலையினின்றும் வெகு தொலைவிலுள்ள ஓர் உதாரணம் துணைபுரியும். அன்றாடம் கண்டு பழகியதைக் காட்டிலும் அயலிலுள்ளதை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் மனிதர்க்கு எளிது.

அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டில் பந்தெறிபவர், கிரிக்கெட்டின் பந்துவீச்சாளருக்கு ஒப்பானவர். ஆயின், பந்து தரையில் பட்டு எழாமல், ஏறத்தாழ 18.4 மீற்றர் தூரத்தை நேராகக் கடந்து துடுப்பாட்டக்காரரைச் சேரவேண்டும். அந்நாட்டின் பெரிய அரங்கில் 30 கழகங்கள் உள்ளன. கழகமொன்றில் ஒரு நேரத்தில் 26 வீரர்கள் என்ற வழமையான கணக்கின்படி அங்குள்ள இடங்கள் 780 மட்டுமே. அவற்றின் கீழே படிப்படியாகச் சிறிய அரங்குகள் அமைந்துள்ளன. அங்கே ஒப்பந்தத்திலிருக்கும் வீரர்களோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆதலின், சிறிய அரங்கில் ஆடுவோருள் பெரும்பாலோர் மேலே செல்லமாட்டார்கள் என்பது ஆட்டம் தொடங்குமுன்னரே தெரிந்த உண்மை. அது தனிமனிதரின் குறையினால் நேர்வதன்று. ஏணியின் அமைப்பினால் நேர்வது.

அத்தகைய சிறிய அரங்கொன்றிற் பந்தெறிந்தவர், இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங். இன்று கிரிக்கெட் இரசிகர்கள் அறிந்த துடுப்பாட்டக்காரர் ரிங்கு சிங் வேறு, இவர் வேறு. லொறிச் சாரதி ஒருவரின் மகனாக, ஒற்றை அறை வீட்டில், ஒன்பது பிள்ளைகளுள் ஒருவராக வளர்ந்தவர் இவர். லயன் காம்பராவை அறிந்தோர்க்கு அவ்வறையை விளக்கவேண்டியதில்லை. ஈட்டி எறிதலிற் பயிற்சி பெற்றிருந்த இவர், 2008ஆம் ஆண்டு அமெரிக்க முகவர் ஒருவர் இந்தியாவில் நடத்திய வேகப்பந்தெறிதற் போட்டியிற் கலந்துகொண்டார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய அப்போட்டியில், மணிக்கு 87 மைல் வேகத்திற் பந்தெறிந்து முதலிடம் பெற்றார்; பரிசு ஓர் இலட்சம் டொலர். போட்டிக்கு முன் பேஸ்போல் இன்னதென்றே அறியாதவர், அதே ஆண்டு நவம்பரில் தினேஷ் பட்டேல் என்ற மற்றோர் இளைஞருடன் பிற்ஸ்பேர்க் நகரக் கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

2014இல் வெளியான அமெரிக்கத் திரைப்படம் ஒன்று இவ்வரலாற்றைக் கூறுகிறது. ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த அப்படம், இளைஞர் இருவரும் ஒப்பந்தம் பெறும் வெற்றியோடு நிறைவடைகிறது. திரைப்படம் முடியுமிடத்திலேதான் வாழ்க்கை தொடங்கியது என்பது சிந்திக்கத்தக்கது. 2009 யூலையில் மிகக் கீழ்ப்படியிலுள்ள அரங்கில் ரிங்கு சிங் களமிறங்கினார். அமெரிக்கத் தொழின்முறைப் பேஸ்போல் ஆட்டமொன்றில் வெற்றியைத் தம் கணக்கிற் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அம்மாதமே அவரை வந்தடைந்தது. பட்டேல் 2010இன் இறுதியில் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ரிங்கு சிங் தொடர்ந்து நின்றார். மொழியைக் கற்றார், ஆட்டத்தைக் கற்றார், 2012இல் மேற்கு வெர்ஜீனியா அணிக்கு ஆடினார். அவ்விடத்துக்கும் பெரிய அரங்குக்கும் இடையே இன்னும் படிகள் பல இருந்தன. பின்னர் முழங்கையில் அறுவைச் சிகிச்சை, காயத்தின்மேற் காயம், ஆடாத ஆண்டுகள். 2018இல் அவர் பந்தைக் கைவிட்டு, தொலைக்காட்சி மல்யுத்தத் துறையிற் புகுந்தார். பெரிய அரங்கில் ஒரு பந்தேனும் அவர் எறியவில்லை.

இவர் வாழ்வை எவ்வாறு பதிவது? முழுப்பேரா, அரைப்பேரா?

இதற்கு உலகம் தயாராக வைத்திருக்கும் விடைகள் இரண்டு. முதலாவது வென்றவரின் விடை. முயன்றவர் வெல்வர், வெல்லாதவர் போதிய அளவு முயலவில்லை என்பது அது. இரண்டாவது ஆறுதல் கூறுவோரின் விடை. வெற்றி பொருட்டன்று, செயலே பயன், பங்குபற்றியதே போதும் என்பது அது. முன்னையது கடுமையானதாகவும் பின்னையது கருணையுடையதாகவும் தோன்றும். எனினும், ஆழ்ந்து நோக்குமிடத்து இரண்டுமே உழைத்தவர்க்கு உரியதை மறுக்கின்றன என்பது புலனாகும்.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். வள்ளுவர் அறத்துப்பாலின் முடிவில் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை நிறுவுதற்காக மற்றதை அவர் நீக்கிவிடவில்லை. மனித வாழ்வில் இரண்டும் உண்டு என்று கண்ட தெளிவு அது. முயற்சியை மட்டும் பேசுவோர் அத்தெளிவை இழந்துவிடுகின்றனர். அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ், நீதி பற்றி 1971இல் வெளியிட்ட நூலில், இயல்பாக அமைந்த திறமைகளும் பிறந்த குடும்பத்தின் நிலையும் எவரும் தாமே உழைத்துப் பெற்றவையல்ல என்று வாதிட்டார். முயலும் மனப்பாங்குகூட வளர்ந்த சூழலின் துணையை வேண்டுவது என்றார். ரிங்கு சிங்கின் தோளில் இருந்த வேகம் அவர் தேடிக்கொண்டதன்று. முழங்கையின் தசைநாரில் இருந்த நலிவும் அவர் தேடிக்கொண்டதன்று. முன்னதற்காக அவரைப் புகழ்வதும் பின்னதற்காக அவரை இகழ்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

திறமை முழுமையாக அமைந்தும் இடம் அமையாமற் போவதுண்டு. ஹரியானாவின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் இராஜிந்தர் கோயல், முதற்தரப் போட்டிகளில் 750 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் இரஞ்சிக் கிண்ணப் போட்டிகளில் மட்டும் பெற்றவை 637. ஆயினும் ஒரு டெஸ்ட் போட்டியிலும் அவர் ஆடவில்லை. அவர் காலத்தில் அதே கலையில் பிஷன் சிங் பேடி நின்றார், இடமோ ஒன்றே. 1974இல் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான போட்டிக்குப் பேடி சேர்க்கப்படாதபோது கோயல் அழைக்கப்பட்டார். ஆட்டம் தொடங்கியபோது பதினொருவருள் அவர் பெயர் இல்லை. மும்பையின் பத்மகர் சிவல்கர் கதையும் அத்தகையதே. 1973இல் சென்னையில் நடந்த இரஞ்சி இறுதிப் போட்டியில், தமிழ்நாட்டு அணியின் முதலாவது இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளையும் இரண்டாவது இன்னிங்ஸில் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்திய அவரும் டெஸ்ட் ஆடாமலே ஓய்வுபெற்றார். 2017இல் இந்தியக் கிரிக்கெட் சபை இவ்விருவருக்கும் வாழ்நாட் சாதனை விருது வழங்கிற்று. இவர்கள் முயலவில்லை என்று கூற எவர் துணிவர்?

மலையகத்தில் இம்முதல் விடை ஒரு பெயரைக் கொண்டு சொல்லப்படுவது வழக்கம். முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பேரனோ 2010இல் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வுபெற்றார். ‘முரளியால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது?’ என்னும் கேள்வி தோட்டத்துப் பிள்ளைகளின் பரிசளிப்பு விழாக்களில் ஊக்கமாகவே கேட்கப்படுகிறது. அச்சாதனை மலையகத்தின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயின், அவர் கண்டியில் வளர்ந்தார். தந்தையார் அங்கு பிஸ்கட் தொழில் நடத்தினார். கிரிக்கெட்டுக்குப் பேர்போன கல்லூரியொன்றில் அவர் கற்றார். தோட்டப் பாடசாலையின் சரிவான முற்றத்திற் பந்து வீசும் சிறுவனிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒருவரின் வெற்றியைக் காட்டி ஊக்கமளித்தல் வேறு. அதைக் காட்டி மற்றோர் அனைவரின் தோல்விக்கும் அவர்களையே குற்றவாளிகளாக்குதல் வேறு. ஊக்கம் என்ற பெயரில் நடைபெறும் இரண்டாவது காரியம் அறத்துக்கு ஒவ்வாது.

இனி, இரண்டாம் விடை. செயலே பயன் என்னும் கருத்து உயர்ந்த தத்துவ மரபுகளில் இடம்பெற்றது. ஆடுபவனுக்கு ஆட்டத்தின் உள்ளேயே ஒரு நிறைவு உண்டு என்பதும் பொய்யன்று. நன்றாக எறியப்பட்ட ஒரு பந்து, பத்தாயிரம் பேர் பார்த்தாலும் பத்துப்பேர் பார்த்தாலும் நன்றாக எறியப்பட்ட பந்தே. ஆனால், இக்கருத்தை உழைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதற்கும், உழைப்பைப் பெறுபவர் அவருக்குச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னது துறவு, பின்னது சுரண்டல்.

அமெரிக்கச் சிறிய அரங்குகளின் வரலாறே இதற்குச் சான்று. கீழ்ப்படி வீரர்கள் ஆட்டப் பருவத்துக்கு மட்டும், வறிய ஊதியமே பெற்று வந்தனர். அவர்கள் பயிற்சி பெறுவோர், கனவைத் துரத்துவோர், ஆட்டத்தின் மேலுள்ள காதலால் ஆடுவோர் என்பன அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். 2014இல் முன்னாள் வீரர்கள் சிலர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தனர். 2018இலோ, அச்சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து சிறிய அரங்கு வீரர்களைப் பெரிதும் விலக்கும் ஏற்பாடொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. தேசத்தின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம் என்ற அழகிய பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. எனினும் வழக்கு ஓயவில்லை. 2022இல் 185 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. அதே ஆண்டு வீரர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023இல் முதலாவது கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, கீழ்ப்படியின் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் 4,800 டொலரிலிருந்து 19,800 டொலராகவும், மேற்படியின் ஊதியம் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராகவும் உயர்ந்தன. ஆட்டத்தின் மேலுள்ள காதல் அதனாற் குன்றிவிடவில்லை. காதலைக் காட்டிக் கூலியைக் குறைப்பது மட்டுமே முடிவுக்கு வந்தது.

கூட்டு ஒப்பந்தம், குறைந்தபட்சக் கூலி என்னும் சொற்கள் பதுளை மாவட்டத்து வாசகர்க்குப் புதியனவல்ல. பல ஆண்டுக் கோரிக்கையின் பின்னர், 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பின்னரும் அது உயர்ந்தது. சம்பளம் கூடியபோது பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையும் கூட்டப்பட்டது என்ற முறைப்பாடு பல தோட்டங்களிலும் எழுந்தது. அரைப்பேரின் மெய்யான இயல்பு இங்கே வெளிப்படுகிறது. அரைப்பேர் என்பது உழைத்தவரின் குறையை மட்டும் காட்டும் அளவன்று. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவரின் தீர்மானத்தையும் காட்டும் அளவு. நேற்று முழுப்பேர் பெற்ற அதே கைகள், அதே வேகத்தில் பறித்து, இன்று அரைப்பேர் பெறக்கூடும். கை மாறவில்லை, கோடு மாறிற்று.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நிறை குறைந்ததென்று அரைப்பேர் விழுந்தவளின் கொழுந்தை எவரும் வீசிவிடுவதில்லை. முழுப்பேர் பெற்றவளின் கொழுந்தோடு கலந்து அதுவும் தொழிற்சாலைக்குச் செல்கிறது, வாடவிடப்படுகிறது, அரைக்கப்படுகிறது, ஊவாத் தேயிலை என்ற புகழ்பெற்ற பெயரிலேயே ஏலத்துக்குப் போகிறது. பருகுபவரின் கோப்பையில் அரைத் தேநீர் என ஒன்று இல்லை. சிறிய அரங்கிலும் அதுவே நிகழ்கிறது. நாளைய பெருவீரன் தன் கலையைப் பழகுவதற்கு எதிரே நிற்பவர் ஒருவர் வேண்டும். அவரும் முழு வலிமையோடு ஆடவேண்டும். மேலே செல்லாத ஐயாயிரம் பேரின் ஆட்டத்தின்மீதே மேலே செல்லும் சிலரின் ஆட்டம் கட்டப்படுகிறது. கோயலையும் சிவல்கரையும் எதிர்கொண்டு பழகிய துடுப்பாட்டக்காரர் பலர் பின்னர் டெஸ்ட் அரங்கில் ஓட்டங்களைக் குவித்தனர். அவ்வோட்டங்களில் இவ்விருவரின் பங்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆயினும் அது அங்கே உண்டு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். எல்லோர்க்கும் முழுப்பேர் என்றால் திறமைக்கும் திறமையின்மைக்கும் வேறுபாடு இல்லையா? முதலிடம் பெற்றவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மாலையா? இம்மறுப்பு நியாயமானது. இதற்கு விடை காண, பரிசு, உரிமை என்ற இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். பரிசு ஒப்பீட்டினாற் பிறப்பது. ஒருவர் பெறும்போது மற்றவர் இழப்பது அதன் இயல்பு. ஆதலின் அது சிலர்க்கே உரியது; அதில் அநீதியில்லை. உரிமையோ உழைப்பினாலும் மனிதராயிருத்தலினாலும் பிறப்பது. ஒருவர் பெறுவதால் மற்றவர்க்குக் குறையாதது. வாழத்தக்க கூலி, நோயுற்றபோது சிகிச்சை, தோற்றபின் வேறொரு வழியைத் தொடங்குதற்கான வாய்ப்பு, அவமதிப்பற்ற பேச்சு என்பன உரிமைகள். பரிசைச் சிலர்க்கு மட்டும் கொடுக்கும் உலகம் தவறு செய்யவில்லை. உரிமையையும் பரிசாக்கி, வென்றவர்க்கு மட்டும் கொடுக்கும் உலகமே தவறு செய்கிறது.

இப்பிரிப்பு விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. மலையக ரயில்பாதை பதுளையோடு முடிவடைகிறது; கல்விப் பாதையோ பலர்க்கு அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஊவாவின் இரு மாவட்டங்களான பதுளையும் மொனராகலையும் அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. திறமையை அளக்கும்போது தொடங்கிய இடத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட முறை இது. எனினும் எம்முறையிலும் வெட்டுப்புள்ளி என்றொரு கோடு உண்டு. அக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர், சற்று மேலே நின்றவரினும் பாதி மனிதரல்லர். அவருள் ஒருவர் கொழும்புக் கடையொன்றில் கணக்கெழுதுவார். ஒருவர் முன்பள்ளியிற் கற்பிப்பார். ஒருவர் தாய் பறித்த அதே மலையில் கொழுந்து பறிப்பார். வளாகத்தின் வாயிலைக் கடந்தோர் தம் நுழைவைப் பரிசென்று மகிழலாம். கடவாதோரின் வாழ்வை அரைப்பேராக எழுதும் உரிமை அவ்வாயிலில் எவருக்கும் வழங்கப்படவில்லை. அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே விளக்கில் படித்து, போட்டியிட்டதனாலேயே கடந்தோரின் திறமையும் கூர்மை பெற்றது என்பதை மறத்தல் நன்றிகொன்ற செயலாகும்.

மீண்டும் ரிங்கு சிங்கை நோக்குவோம். ஒரு கிராமத்து இளைஞன் அறியாத நாட்டுக்குச் சென்று, அறியாத மொழியில், அறியாத ஆட்டத்தைக் கற்று, கற்றறிந்தவரோடு சமனாக நின்று ஆடினான். உடல் இடங்கொடுத்தவரை ஆடினான். இடங்கொடாதபோது வேறொரு தொழிலைத் தொடங்கினான். இவ்வளவும் நடந்தபின்னர், உச்சியை அடையவில்லை என்ற ஒரு குறிப்பைக் கொண்டு அவ்வாழ்வை அளப்போமாயின், குறைவது அவன் வாழ்வன்று, அளப்பவரின் அறிவே. அவனுக்குப் பெரிய அரங்கின் பரிசு கிடைக்கவில்லை. கிடைக்கவேண்டும் என்று வாதிடவும் இயலாது. ஆயின், அவன் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் உரிய கூலியும் மதிப்பும் அவனுக்கு உரியவை. அவற்றை வெற்றிவரை காத்திருக்கச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

தோட்டத்துச் செக்றோலில் அரைப்பேர் என்ற பதிவு என்று ஒழியும் என்பது தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் அரசும் சேர்ந்து தீர்க்கவேண்டிய காரியம். ஆனால், மனத்திலும் ஒரு செக்றோல் உண்டு. உறவினரையும் அயலாரையும் உடன்கற்றோரையும் நாள்தோறும் அதிற் பதிந்துவருகின்றோம். பரீட்சையில் தவறியவர், வெளிநாடு சென்று வெறுங்கையோடு திரும்பியவர், அணியில் இடம்பெறாதவர் ஆகியோரின் எதிரே அங்கு அரைப்பேர் எழுதப்படுகிறது. அப்பதிவைத் திருத்துவதற்கு வர்த்தமானி வேண்டியதில்லை; கூட்டு ஒப்பந்தமும் வேண்டியதில்லை. உழைத்தவர் எவராயினும் அவர் பேர் முழுப்பேரே என்ற தெளிவு ஒன்றே போதும்.